மலைப்பாம்பை விரட்டியதால் வந்த வினை!

“ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்று ஒரு பழமொழி உண்டு. கரும்பாலை இல்லாத ஊரில் இலுப்பைப் பூவே சர்க்கரையாகிவிடுகிறதாம். கிடைத்ததை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களைப் பார்த்து, சற்று ஏளனமாகவே இந்தப் பழமொழியைச் சொல்வது வழக்கம். பெயரிலேயே இலுப்பையை வைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊரில், இந்தப் பழமொழியைத் திருத்திச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, அன்னவாசல் வழியாகப் போனால் இலுப்பூர். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தோடு திரும்பிவிடுவார்கள். இலுப்பூர் வரை வருகிறவர்கள் காரியம் இருந்து வருகிறவர்கள்தான். வட்டத் தலைநகர் ஆதலால், சுற்றுப்புறக் கிராமத்து ஜனங்கள் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் இங்கேதான் வந்தாகவேண்டும். சான்றிதழ் என்று சொன்னாலே பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கவேண்டும் அல்லவா? அப்படி ஒரு கடையில்தான் அன்று காலை நான் நின்றுகொண்டிருந்தேன்.

சின்னக் கடை. ஒரு ஜெராக்ஸ் யந்திரம், ஒரு பிரிண்டர், ஒரு பழைய லேப்டாப். கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சாதாரணமாகச் சிரித்த முகம். அன்று மட்டும் பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். கடைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர். பிள்ளைகளின் விண்ணப்பம் ஒன்றை அனுப்புவதற்கு அன்றுதான் கடைசி நாள்.

“கம்ப்யூட்டர் செத்துப்போச்சு, சார்!” என்றார் என்னைப் பார்த்து.

லேப்டாப் திரையைப் பார்த்தேன். படம் இல்லை, பெட்டி இல்லை, அம்புக்குறி இல்லை. கன்னங்கரேலென்று ஒரே இருட்டு. அதன் மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. பெயரைச் சொல் என்று கேட்டுக்கொண்டு நின்றது.

கூட்டத்தில் ஒரு தாயார், மகளின் சான்றிதழ்கள் அடங்கிய மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதல் பஸ்ஸுக்கு வந்தவள். “நேத்தே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிட்டேன், காலையில வாங்கன்னு சொன்னீங்களே அண்ணே? இன்னைக்கு விட்டா ஒரு வருஷம் போயிடுமே!” என்றாள். கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை.

மலைப்பாம்பு நமக்கு எதற்கு?

நடந்தது இதுதான். கடைக்காரரின் லேப்டாப் வயதானது. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு, அதைத் தயாரித்த நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவசப் பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. புது விண்டோஸைத் தாங்க அந்த யந்திரத்துக்குச் சக்தி இல்லை. புது லேப்டாப் வாங்கக் கடைக்காரருக்குச் சக்தி இல்லை. அக்காள் மகன் ஒருவன், விலை கொடுக்க வேண்டாத லினக்ஸை அதில் போட்டுக்கொடுத்தான். வேலை நன்றாகவே நடந்தது. “இலுப்பைப்பூ சர்க்கரை” என்று கடைக்காரரே சொல்லிச் சிரிப்பாராம்.

முந்திய நாள் இரவு, “இடம் போதவில்லை” என்று யந்திரம் முணுமுணுத்தது. அக்காள் மகன் எழுதிக்கொடுத்த காகிதத்தில், வேண்டாத மென்பொருளை நீக்கும் கட்டளை இருந்தது. கடைக்காரர் கறுப்பு ஜன்னலைத் திறந்தார். யந்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தார். அதில் ‘பைத்தான்’ என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது.

“பைத்தான்னா மலைப்பாம்பு. காலேஜ்ப் பிள்ளைங்க படிக்கிற பாடம். ஜெராக்ஸ் கடைக்கு மலைப்பாம்பு எதுக்கு சார்?” என்று என்னையே கேட்டார்.

நியாயமான கேள்விதான்! ‘சூடோ ஆப்ட் ரிமூவ்’ என்று தட்டி, பக்கத்தில் அந்த மலைப்பாம்பின் பெயரையும் தட்டினார். யந்திரம் உடனே பதில் சொன்னது. திரை கொள்ளாமல் பெயர்கள் ஓடின. கடைசியில், “தொடரலாமா?” என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் ‘ஒய்’, இல்லை என்றால் ‘என்’. கடைக்காரருக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. ‘ஒய்’ என்ற எழுத்தைத் தட்டினார். ஏகப்பட்ட இடம் காலியாயிற்று. திருப்தியோடு யந்திரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் வந்து போட்டால், இருட்டு!

கணக்குப்பிள்ளை எழுதிய ஏடு

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவி. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவள். திரையைப் பார்த்ததும் அவள் பயப்படவில்லை, சிரித்தாள்.

“அண்ணே, கடைசியா என்ன செஞ்சீங்க?”

கடைக்காரர் மலைப்பாம்புக் கதையைச் சொன்னார்.

“சரிதான். வீட்டுல வேண்டாத சாமானைத் தூக்கிப் போடறேன்னு தூணை எடுத்துட்டீங்க.”

“நேத்து ஸ்கேன் பண்ணினதெல்லாம் போச்சாம்மா?”

“எதுவும் போகலை அண்ணே. மென்பொருளை நீக்கறது வேற, நாம எழுதி வச்சதை அழிக்கறது வேற. உங்க படம், காகிதமெல்லாம் உங்க அறையிலே அப்படியே இருக்கும். அந்தக் கட்டளை அதைத் தொடாது.”

மஞ்சள் பை வைத்திருந்த தாயார் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பெண் உட்கார்ந்தாள். கடைக்காரரின் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கித் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று கண் சிமிட்டியது. “இது செத்த யந்திரம் இல்லை. சட்டை போடாத யந்திரம். அவ்வளவுதான்” என்றாள்.

பிறகு அவள் செய்த காரியம்தான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. இந்த வகை லினக்ஸில், மென்பொருளைப் போடுவதும் நீக்குவதும் ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏறுகிறது. ‘வார்’ என்ற அறைக்குள் ‘லாக்’, அதற்குள் ‘ஆப்ட்’, அதற்குள் ‘ஹிஸ்டரி’ என்று ஓர் ஏடு. எந்தத் தேதி, எத்தனை மணி, யார் கேட்டது, என்ன கட்டளை, எவையெவை வந்தன, எவையெவை போயின எல்லாம் அதில் இருக்கும். பழைய ஜமீன் கணக்குப்பிள்ளைகூட இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கமாட்டார்!

ஏட்டைத் திறந்து காட்டினாள். முந்திய இரவின் தேதி, கடைக்காரரின் பெயர், அவர் தட்டிய கட்டளை, அதன் கீழே நீக்கப்பட்டவைகளின் நீண்ட பட்டியல். முதலில் மலைப்பாம்பு, அதன் பின்னாலேயே திரையில் படம் காட்டும் மேஜை, அமைப்புகளைத் திருத்தும் கருவிகள் என்று வரிசையாக.

“இதையெல்லாம் நேத்து ராத்திரியே உங்க கிட்ட சொல்லித்தான் அண்ணே கேட்டிருக்கு. நீங்கதான் ‘ஒய்’ போட்டிருக்கீங்க.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். நேயர்களே, தலையைச் சொறிவதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ‘சம்மதம்’ என்று கேட்ட எந்தக் காகிதத்தை நாம் முழுசாகப் படித்திருக்கிறோம்?

பொட்டலங்களின் கதை

தன் போனை ஒரு ஒயரால் லேப்டாப்போடு இணைத்து, அதன் வழியே இன்டர்நெட்டைக் கொடுத்தாள் பெண். போன மென்பொருள்கள் திரும்பி வரத் தொடங்கின. அவை வந்து சேருவதற்குள் இந்த விஷயத்தின் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

லினக்ஸில் மென்பொருளை ‘பேக்கேஜ்’ என்று சொல்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் பொட்டலம். மளிகைக் கடைப் பொட்டலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். “என் பெயர் இன்னது, நான் இத்தனையாவது பதிப்பு, நான் வேலை செய்யவேண்டுமானால் இன்னின்ன பொட்டலங்களும் வீட்டில் இருக்கவேண்டும்” என்று அதில் எழுதியிருக்கும். இதைச் சார்பு என்கிறார்கள்.

ஏன் சார்ந்திருக்க வேண்டும்? தெருவில் பத்து வீடு இருந்தால் பத்துக் கிணறா வெட்டுகிறோம்? ஒரு பொதுக் கிணறு போதும். எழுத்தைத் திரையில் காட்டுவது, படத்தைச் சுருக்குவது, பிரிண்டரோடு பேசுவது போன்ற பொதுக் காரியங்களுக்குப் பொதுப் பொட்டலங்கள் இருக்கின்றன. இதனால் இடம் மிச்சம். கிணற்றில் கோளாறு என்றால் ஓரிடத்தில் சரிசெய்தால் போதும். பத்து வீட்டுக்கும் நல்ல தண்ணீர். பைத்தான் என்பது பிள்ளைகளின் பாடம் மட்டும் அல்ல. அப்படி ஒரு பொதுக் கிணறும்கூட. கடைக்காரர் அதைத் தூர்க்கச் சொன்னார். “இதைத் தூர்த்தால் இந்த வீடுகளெல்லாம் குடியிருக்க முடியாது, அவற்றையும் காலி செய்யட்டுமா?” என்று யந்திரம் கேட்டது. அவர் ஆம் என்றார்!

இந்தப் பொட்டல முறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1993 ஆகஸ்டில், அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் என்ற இளைஞர் ‘டெபியன்’ என்ற லினக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து உரிய இடங்களில் வைக்க ‘டி-பேக்கேஜ்’ என்ற கருவி வந்தது. ஆனால் அது கடையில் நிற்கும் சிப்பந்தி மாதிரி. “இதற்கு இன்னொரு பொட்டலம் வேண்டும்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். போய் வாங்கிவருவது நம் பொறுப்பு. அந்த இன்னொன்றுக்கு மற்றொன்று வேண்டும். மற்றொன்றுக்கு வேறொன்று. அந்தக் காலத்தில் லினக்ஸ் உபயோகித்தவர்கள் இதை நரகம் என்றே அழைத்தார்கள்!

அந்த நரகத்திலிருந்து மீட்க வந்ததுதான் ‘ஆப்ட்’. 1998-ல் உருவாகி, 1999-ல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்போடு பரவியது. வேண்டியதைச் சொன்னால் போதும். அதற்கு வேண்டியது, அதற்கு வேண்டியதற்கு வேண்டியது எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, தானே கொண்டுவந்து வைத்துவிடும். கல்யாணச் சமையல்காரரிடம் ‘சாம்பார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், பருப்பிலிருந்து பெருங்காயம் வரை அவரே பட்டியல் போட்டுவிடுகிறார் அல்லவா? அந்த மாதிரி. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் ஏறத்தாழ 70,000 பொட்டலங்கள் இருக்கின்றன. எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்கவேண்டாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளில் இயங்கும் ‘பாஸ்’ லினக்ஸை 2007-ல் வெளியிட்டது. அந்த வேலை நடந்தது சென்னையில். 2011-ல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்களின் சிறு மாநாடு ஒன்றே நடந்தது.

“எங்க அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்லதான் சார் நான் கத்துக்கிட்டேன்” என்றாள் அந்தப் பெண். “எல்லாரும் விண்டோஸைத்தான் திறப்பாங்க. நான் பக்கத்துல இருந்ததைத் திறந்தேன். நாலு தடவை கெடுத்தேன். அஞ்சாவது தடவை சரிபண்ணத் தெரிஞ்சுது.”

ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்த இரண்டாவது கதவு திறக்கப்படாமலே கிடந்திருக்கும். இலுப்பூரில் ஒரு பெண் திறந்திருக்கிறாள்.

வெளிச்சம் வந்தது

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைக்காரர் பிள்ளையாரை வேண்டிக்கொண்டார். மஞ்சள் பைத் தாயார் அடிக்கொருதரம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஓட்டம் நின்றது. ‘ரீபூட்’ என்று ஒரு வார்த்தையைத் தட்டினாள் பெண். யந்திரம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

மேஜை வந்தது, படம் வந்தது, அம்புக்குறி வந்தது. கடைக்காரர் நடுங்கும் கையால் தம் அறையைத் திறந்தார். முந்திய நாள் ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

இடம் போதாத கதை இன்னும் பாக்கி இருந்தது. “இதுக்கா அண்ணே மலைப்பாம்பை விரட்டினீங்க?” என்று கேட்டு, ‘சூடோ ஆப்ட் கிளீன்’ என்று தட்டினாள். போட்டு முடித்த பிறகும் கிடங்கில் தங்கிவிட்ட பொட்டலப் பிரதிகளை அது துடைத்தது. பிறகு ‘ஆட்டோரிமூவ்’ என்றாள். யாருக்கோ துணையாக வந்து, அந்த யாரோ போன பிறகும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பொட்டலங்களின் பெயரை அது காட்டியது. இந்தத் தடவை கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். மேஜையின் பெயரோ, மலைப்பாம்பின் பெயரோ இல்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே ‘ஒய்’ போட்டார்.

மகா கெட்டிக்காரர்களும் சறுக்கிய இடம்

இலுப்பூர்க் கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். 2021 நவம்பரில் உலகமே பார்க்க இப்படி ஒன்று நடந்தது. கனடாவைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்டியன் என்பவர், கம்ப்யூட்டர் சாதனங்களைப் பற்றிப் படம் பிடித்துக் காட்டியே லட்சோபலட்சம் ரசிகர்களைச் சேர்த்தவர். லினக்ஸில் விளையாட்டு மென்பொருள் ஒன்றைப் போட ‘ஆப்ட்’ கட்டளை கொடுத்தார். அந்தச் சமயத்தில் அந்தப் பொட்டலத்தின் சார்புக் கணக்கில் ஒரு பிசகு இருந்தது. அதைப் போட்டால் திரை மேஜையே போய்விடும் என்று யந்திரம் எச்சரித்தது. வெறும் ‘ஒய்’ போதாது, “ஆம், நான் சொன்னபடி செய்!” என்று முழு வாக்கியத்தையும் தட்டவேண்டும் என்றது. அவர் முழு வாக்கியத்தையும் தட்டினார்! மேஜை போயிற்று; இருட்டு வந்தது.

இதன் பிறகு, அத்தியாவசியமான பொட்டலங்களை நீக்கும் வழியை ‘ஆப்ட்’ எழுதியவர்கள் இன்னும் கடினமாக்கினார்கள். எச்சரிக்கை எழுதினால் மட்டும் போதாது. மனிதன் படிக்கமாட்டான் என்று அவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. 2024 மார்ச் மாதக் கடைசியில், ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தம் சோதனை யந்திரத்துக்குள் தூரத்திலிருந்து நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடவில்லை. தோண்டினார். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்-இஸட்’ என்ற பொட்டலத்துக்குள் யாரோ திருட்டுக் கதவு ஒன்றை வைத்திருந்தது வெளிப்பட்டது. அதை வைத்தவர், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்தவர்! டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது நுழைந்துவிட்டது. பொதுஜனம் உபயோகிக்கும் நிலையான பதிப்புக்கு வருமுன் பிடிபட்டது. உலகத்தின் எத்தனையோ யந்திரங்கள் தப்பின.

ஒருவர் திரை நிறைய வந்த எச்சரிக்கையைப் படிக்கவில்லை. இன்னொருவர் அரை விநாடித் தாமதத்தைக்கூட விடவில்லை. கறுப்பு ஜன்னல் இருவருக்கும் ஒன்றுதான்.

நினைவில் வைக்கவேண்டியவை

கறுப்பு ஜன்னலைத் திறக்கும் அன்பர்களுக்காக, அந்தப் பெண் சொன்னவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் தட்டவேண்டும். அவற்றின் உச்சரிப்பை மட்டும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.

‘சூடோ’ என்பது வீட்டுச் சாவி. அந்த வார்த்தையோடு தொடங்கும் கட்டளைக்கு யந்திரம் மறுப்புச் சொல்லாது. முன்பின் தெரியாதவர் எழுதிய கட்டளையை அர்த்தம் தெரியாமல் அப்படியே தட்டுவது, வழிப்போக்கனிடம் சாவியைக் கொடுப்பதற்குச் சமானம்.

‘அப்டேட்’ வேறு, ‘அப்கிரேட்’ வேறு. முன்னது கடையின் சரக்குப் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். ஒரு பொட்டலமும் மாறாது. பின்னதுதான் இருக்கிற பொட்டலங்களுக்குப் பதில் புதியவற்றை வைக்கும். முதலில் பட்டியல், பிறகு சரக்கு. இந்த வரிசையை மறக்கக்கூடாது.

‘ரிமூவ்’ என்றால் குடித்தனக்காரர் காலி செய்கிறார். ஆனால் சுவரில் அவர் அடித்த ஆணியும் மாட்டிய காலண்டரும் அப்படியே இருக்கும். அவர் திரும்பி வந்தால் பழையபடி குடியிருக்கலாம். ‘பர்ஜ்’ என்றால் ஆணியையும் பிடுங்கி வெள்ளை அடித்துவிடுவது. யந்திரம் முழுவதற்கும் பொதுவாக எழுதிவைத்த அமைப்புகள் போய்விடும். இரண்டுமே நம் சொந்த அறையில் உள்ள கடிதங்களையும் படங்களையும் தொடுவதில்லை.

சந்தேகம் இருந்தால் ஒத்திகை பார்க்கலாம். நாடகத்துக்கு மட்டுமா ஒத்திகை? கட்டளையில் ‘மைனஸ் எஸ்’ என்று சேர்த்துத் தட்டினால், என்ன போடும், என்ன நீக்கும் என்று யந்திரம் சொல்லிக்காட்டும், ஒன்றையும் செய்யாது. கடைக்காரர் இந்த இரண்டு எழுத்தைத் தெரிந்துகொண்டிருந்தால் அன்று காலை அந்தக் கூட்டம் நின்றிருக்காது.

பொட்டலத்தை அதன் சொந்தக் கிடங்கிலிருந்தே வாங்கவேண்டும். கிடங்கிலிருந்து வரும் பட்டியலில் முத்திரை சரியாக இருக்கிறதா, பொட்டலம் பட்டியலில் உள்ளதுதானா என்று ‘ஆப்ட்’ சரிபார்க்கிறது. “முத்திரை சரியில்லை” என்று அது சொன்னால், பரவாயில்லை என்று மேலே போகக்கூடாது.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வரைதான் பராமரிப்பு. அதன் பிறகு அந்தப் பதிப்பின் பொட்டலங்கள் பழஞ்சரக்குக் கிடங்குக்குப் போய்விடும். பழைய விலாசத்தில் கேட்டால் “இங்கே இல்லை” என்று பதில் வரும். அதைப் பார்த்து யந்திரம் கெட்டுவிட்டது என்று மூலையில் போடவேண்டாம். புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டால் அதற்கு மறுபடியும் உயிர் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “தொடரலாமா?” என்ற கேள்விக்கு முன்னால் வரும் வரிகளைப் படிக்கவேண்டும். அவற்றிலும் ‘நீக்கப்படுபவை’ என்ற தலைப்பின் கீழே வருவதைக் கண்டிப்பாகப் படிக்கவேண்டும். ஒன்றை நீக்கச் சொன்னால் ஐம்பது பெயர் வருகிறதா? ‘என்’ என்று தட்டிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள். யந்திரம் கோபித்துக்கொள்ளாது.

பூ அல்ல, சர்க்கரையேதான்!

மாலை நாலு மணிக்கு மறுபடியும் அந்தக் கடைப் பக்கம் போனேன். கூட்டம் கரைந்திருந்தது. மஞ்சள் பைத் தாயாரின் மகளுடைய விண்ணப்பம் பகல் ஒன்றரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஒப்புகைச் சீட்டை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். காசு வாங்க மறுத்த கடைக்காரரிடம் வாதாடி, பத்து ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டே போயிருக்கிறாள்.

பாலிடெக்னிக் பெண் எடுக்க வந்த அந்த ஒரு பக்க ஜெராக்ஸை, அவள் கேட்காமலே பத்துப் பிரதியாக எடுத்துக் கொடுத்தாராம் கடைக்காரர். “பத்து எதுக்கு அண்ணே?” என்று அவள் கேட்டாளாம்.

லேப்டாப்பின் விளிம்பில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. கடைக்காரரின் கையெழுத்து. “படிக்காமல் ஒய் போடாதே” என்று எழுதியிருந்தார்.

“இனிமே இலுப்பைப்பூ சர்க்கரைன்னு சொல்லமாட்டேன் சார்” என்றார் அவர். “வங்கியிலயும் ஆராய்ச்சிக் கூடத்துலயும் ஓடறது இந்த லினக்ஸ்தானாமே? அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அவங்களுக்கும் இதே கறுப்பு ஜன்னல்தானாம். அப்புறம் இது எப்படிப் பூவாகும்? சர்க்கரையேதான்!”

உண்மைதான். பெரிய நகரத்துப் பொறியாளர் தட்டும் அதே கட்டளை, அதே பொட்டலம், அதே கேள்வி இலுப்பூருக்கும் வருகிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறோமா, படிக்காமல் சொல்கிறோமா என்பது. அது ஊரைப் பொறுத்ததல்ல, ஆளைப் பொறுத்தது.